மூடி திறந்த நேரம்

ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர். அதன் இரும்புத் தொட்டி நிறைய, உள்ளே மின்சாரம் தாவிவிடாமல் தடுக்கும் எண்ணெய். தொட்டியின் உச்சியில், உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்து வழிவிடுவதற்கென்றே ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி.

ஒருநாள் உள்ளே சடக்கென்று ஒரு தீப்பொறி தெறித்தது. எண்ணெய் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

"என்னக்கா சத்தம்?" என்று கேட்டது தொட்டி.

"ஒண்ணுமில்ல தம்பி. நானே அணைச்சுட்டேன்."

"மேல மூடிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே?"

அது மூடியின் காதில் விழுந்தது. "பொறிக்கெல்லாம் நான் திறக்க முடியுமா? அழுத்தம் வரட்டும், பார்த்துக்கலாம்" என்றது.

பொறிகள் அடிக்கடி வந்தன. எண்ணெய் கறுத்துக்கொண்டே போனது.

"அக்கா, உங்க நிறமே மாறிப்போச்சு."

"வயசாகுதில்ல" என்று சிரித்தது எண்ணெய்.

ஒரு மத்தியானம் மின்சாரம் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் எண்ணெய் நொடியில் ஆவியாகி வீங்கியது. அந்த வீக்கத்தின் அதிர்ச்சி மிச்ச எண்ணெய் முழுவதும் அலையாக ஓடி, தொட்டியின் நெஞ்சில் இடியாக இறங்கியது. இரும்பு காகிதம்போல் பிளந்தது.

"அக்கா... நீங்களா? நீங்களா என்னை அடிச்சீங்க?"

எண்ணெய் பிளவு வழியாகக் கொட்டி, கீழே ஜல்லிக்கல்லில் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உச்சியில் மூடி திறந்தது.

"ம், இப்ப வாங்க" என்றது. "தள்ளாம, ஒவ்வொருத்தரா வாங்க."