டிஸ்க்குக்கு இட்ட சந்தனம்

ஆரியசாலை அச்சகத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதிலிருந்ததை முன்பே அப்படியே நகலெடுத்து, அங்கே வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியா வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கை மாட்டியும் உயிர் வரவில்லை.

"நீ பேக்கப் எடுத்த லட்சணம் இதுதானா? வேலையை விட்டே தூக்கிடுவேன், கேட்டியா!" என்று குதித்தார் முதலாளி ராமசுப்ரமணியன்.

"பேக்கப் சரியாத்தான் இருக்கு சார்."

கேபிளை மாற்றினாள். பலனில்லை. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். கேபிள் செருகும் துளைக்குள் காய்ந்த சந்தனம்! போன வாரம் சரஸ்வதி பூஜையில் முதலாளியே அப்பியது.

ஊக்கால் சுரண்டி மாட்டினாள். கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கிலிருந்தே எழுந்தது.

"சரி சரி, பயப்படாதே. வேலை போகாது," என்றார் முதலாளி.

விஷ்ணுப்ரியா ஒரு கடிதத்தைத் திறந்து, பிரிண்ட் எடுத்து நீட்டினாள். அவளுடைய ராஜினாமா.

"பூஜைக்கு முன்னாடியே அடிச்சு வெச்சது சார். பேக்கப்பிலே ஒரு எழுத்தாவது விட்டுப்போயிருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கோ."