மூன்றாவது குறிச்சொல்

இணையத்தில் நாங்கள் விளையாடும் கோட்டை விளையாட்டுக்கு ஒரு ரசிகர் குழு உண்டு. அதில் வரும் பதிவுகளுக்குக் குறிச்சொல் போடுவது என் பொறுப்பு. ‘சந்தேகம்’, ‘உத்தி’, ‘ஏற்கனவே கேட்டது’ என்று ஒன்றுவிடாமல் பிரித்து வைப்பேன். ஒரே ஆளுக்கு ‘ஏற்கனவே கேட்டது’ மூன்று முறை விழுந்தால், அவர் குழுவிலிருந்து தானாகவே நீக்கப்படுவார்.

‘ஆமை’ என்ற பெயரில் ஒருவர், “நாலாவது கதவை எப்படித் திறப்பது?” என்று கேட்டிருந்தார். “வணக்கம் நண்பரே” என்று தொடங்கிப் பத்து வரி எழுதினேன். மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும் அதே. பதில் எழுதாமல் குறிச்சொல் மட்டும் போட்டேன். ஞாயிறு காலை மறுபடியும் அதே கேள்வி வர, மூன்றாவது குறிச்சொல்லும் விழுந்தது.

“அப்பாடா, ஆமைத் தொல்லை விட்டது!” என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “ஆமையையா தூக்கிட்டீங்க? அது மாமாங்க!”

“அப்பாவா? பதில் போடறது நான்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதான் குழுவில சேர்த்துவிடச் சொல்லி என்னைக் கேட்டாரு. நீங்க எழுதினதை எனக்குப் படிச்சே காட்டினாரு.”

தொல்லை என்ற சொல் இன்னும் என் வாயிலேயே இருந்தது.

பக்கத்து அறையில் அப்பா போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னமோ உள்ள விடமாட்டேங்குதுடா.”

அருகில் உட்கார்ந்தேன். “நாலாவது கதவுதானேப்பா? கொடுங்க, நான் திறந்து காட்டறேன்.”

“அதை முதல் நாளே திறந்துட்டேன்டா,” என்றார் அப்பா. “உன் பத்து வரிதான் அப்புறம் வரவே இல்ல.”