தொண்டை கட்டிய மதியம்

அலுவலகமே கணக்காளரின் பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பிப் போயிருந்தது.

அவள் மட்டும் டிபன் டப்பாவைத் திறந்தாள். வெறும் சோறு, வேகவைத்த கேரட்.

"எரிச்சல் குடல்" என்று டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னதிலிருந்து இதுதான் சாப்பாடு. குடலுக்குக்கூடவா எரிச்சல் வரும் என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். போகப் போக, விருந்துக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

துணைக்கு இருப்பது போனில் ஓர் உணவு ஆலோசனைக் குழு. அங்கே சொந்தப் பெயர் கிடையாது, புனைபெயர்தான். எழுதுவதும் குறைவு, குரல் பதிவுதான். எந்தக் கூட்டத்தில் பாதியில் எழுந்து கழிப்பறைக்கு ஓடினோம் என்பதைக்கூட அங்கே கூச்சமில்லாமல் சொல்லலாம். அதிகம் வாயடிப்பது அவள்தான்.

இன்று புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். அவருடைய பதிவை ஓடவிட்டாள்.

"எனக்கும் இதே தொல்லைதாங்க. பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓட வேண்டியிருக்குன்னு இப்பல்லாம் தனியாத்தான் சாப்பிடறேன். நேத்து சூப்பு மட்டும்தான் குடிச்சேன். அதுவும் ஒத்துக்கல. என்ன தப்பு பண்றேன்னே தெரியல."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

மறுபடி கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள்.

பேசுவதற்காக மைக்கில் விரலை வைத்தவள், எடுத்துவிட்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

'சூப்பில் வெங்காயம், பூண்டு போட்டிருப்பீர்கள். கொஞ்ச நாளைக்கு இரண்டையும் விட்டுப் பாருங்கள், அண்ணா.'

குழுவை நடத்தும் ஆலோசகர் விடவில்லை. "என்னம்மா, இன்னிக்கு எழுத்துல இறங்கிட்டீங்க? குரலையே காணோம்?"

'தொண்டை கட்டிக்கிச்சு' என்று தட்டினாள்.

அதற்குள் புதியவரின் பதில் வந்துவிட்டது. "ரொம்ப நன்றிம்மா. செஞ்சு பாக்கறேன்."

குழுவில் ஆண்கள் எல்லோருமே எல்லோருக்கும் அண்ணாதான். அதனால் அவள் 'அண்ணா' என்றதை யாரும் கவனிக்கவில்லை.

அவனும் கவனிக்கவில்லை.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, "இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது" என்று கத்திவிட்டுப் போனவன். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அந்த 'நன்றிம்மா'வைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டபடி அவள் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.