பிளைவுட் கதவு

"அந்த டேப்ப உள்ள வையிம்மா. அளவு கிளவு எடுத்தே, மரியாத கெட்டுடும்!"

பழவேற்காட்டின் அந்தப் பழைய வீட்டு வாசலை மறித்து நின்றாள் சாயிரா பானு. அவள் பின்னால் புது பிளைவுட் கதவு.

"பழைய வீட்டு மரவேலை பத்தின ஆராய்ச்சிக்குத்தாங்க வந்தேன்" என்றாள் தமிழ்செல்வி.

"அப்டித்தான் போன வருசமும் ஒருத்தன் வந்தான். கரையான் அரிக்குது, சரி பண்ணி மியூசியத்துல வெக்கிறோம்னு சொல்லி, எங்க மாமனாரு வச்ச தேக்குக் கதவையே பேத்து எடுத்துக்கினு போயிட்டான்!"

"எங்க புரொபசர்கிட்ட சொல்லி மீட்டுத் தரேங்க. பெரிய ஆளு. பழவேற்காட்டுல பார்க்க ஒண்ணுமில்லன்னாரு, நான்தான் கேக்காம வந்தேன்."

சாயிரா பானு செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதான் எங்க கதவு. செதுக்கிகீற கொடியில இந்த ஒரு பூ மட்டும் ஒடஞ்சிகீது பாரு. எம்புள்ள பேட்டால அடிச்சது."

தமிழ்செல்வி அந்தப் பூவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.



புரொபசர் வீட்டு ஹாலில், கதவைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்ட டீப்பாயில், அந்த உடைந்த பூவின் மேல்தான் வாராவாரம் அவள் காபி டம்ளரை வைப்பாள்.