வெயிலுக்கு ஓடுகிறவன்

ஏதென்ஸ்காரர்களின் வெள்ளிச் சுரங்கத்தில் விடியல் வெளிச்சம் குழிவாய் வரைக்கும்தான் வருகிறது. உள்ளே, எண்ணெய் விளக்கின் புகையில், அடிமை மானஸ் தன் கால் விலங்கைப் பாறைமேல் வைத்துச் சுத்தியலைக் கையில் எடுக்கிறான். மேலே காவல்காரன் வாற்கோதுமைக் கஞ்சியை உறிஞ்சுவது கேட்கிறது. மானஸ் குரலைத் தாழ்த்துகிறான். "பக்கத்துல டெகேலியாவுல, இவனுங்க எதிரி ஸ்பார்ட்டாக்காரன் கோட்டை கட்டி ஒக்காந்திருக்கான். இங்கேருந்து ஓடி வர்றவனச் சேத்துக்கிறானாம்." பக்கத்தில் படுத்திருக்கும் நிகான் இருமிக்கொண்டே சிரிக்கிறான். ஸ்பார்ட்டாக்காரர்களின் வயலில் அடிமையாகப் பிறந்தவன் அவன். "சேத்துக்குவான் மாப்ள. வருசா வருசம் அடிமைங்க எங்க மேலயே போர்னு அறிவிச்சுட்டுத்தான் அறுப்புக்கே அனுப்புவான். அப்பத்தான கொன்னா பாவமில்ல. ஏதென்ஸ்ல எல்லாரும் வாயத் தொறந்து பேசலாம்னாங்க, நம்பி ஓடியாந்தேன். புடிச்சு வித்துட்டுப் பேசிக்கிட்டிருக்கானுங்க." மானஸுக்கு மூச்சு இழுக்கிறது. ஈயத்தூசி படிந்து உதடு கறுத்துக் கிடக்கிறது. "அங்கயும் சாவுதான். ஆனா வெயில்ல சாவேன்ல." நிகான் எழுந்து, இடுப்பில் கிடந்த ஒரே கந்தலை அவிழ்த்து, சத்தம் வெளியே போகாதபடி விலங்கின்மேல் சுற்றுகிறான். அம்மணமாக உட்கார்ந்து மானஸின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். "ம், அடி."