நுரை ஊறட்டும்

"ஒரு முழு பஸ்ஸை இருபது நிமிஷத்துல கழுவி அனுப்புறவன்டா நான். இந்தத் தீப்பெட்டியைத் தேய்க்க உங்க ரெண்டு பேருக்கும் அரை நாளா?"

பெரியவன் வாசலில் நின்று கத்தியது தம்பியையும் தம்பி மனைவியையும் பார்த்துத்தான். பஸ் டிப்போவில் வண்டி கழுவும் பிரிவுக்கு அவன் மேஸ்திரி. அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே ஒரு குட்டிக் கார் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி மதியச் சாப்பாடு வரைக்கும் நுரையோடு நின்றால் மானம் போகாதா?

சின்னவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அதுவரை காரை ஏறெடுத்தும் பார்க்காதவன், இப்போது வாரம் தவறாமல் கழுவுகிறான். பெண்டாட்டி வந்ததும் பையனுக்குப் பொறுப்பும் வந்துவிட்டதாக அம்மா பூரித்துப் போயிருந்தாள். சிக்கனத்திலும் குறை சொல்ல முடியாது. தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட் இரண்டு, கிழிந்த பனியன், தேய்ந்த டூத் பிரஷ், மங்கிய ஹெட்லைட்டுக்குப் பற்பசை. செலவு அவ்வளவுதான்.

பெரியவனுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. டிப்போவுக்குக் கொண்டு வா, ஓசியிலேயே கழுவித் தருகிறேன் என்று அவன் வலியக் கூப்பிட்டும் சின்னவன் வரவில்லை. பஸ் தேய்க்கிற பிரஷ் பட்டால் பெயின்ட்டில் கோடு விழுமாம்.

மற்ற வாரமென்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பான். ஆனால் இன்றைக்குப் பதினோரு மணி ரயிலில் அவன் மச்சான் வருகிறான், மனைவியின் அண்ணன். போன தடவை வந்தபோது பானெட்டில் விரலை இழுத்து, ஒட்டிய தூசியைப் பெரியவனின் மூக்குக்கு நேரே நீட்டி, "மாப்பிள்ளை, டிப்போவிலயும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுப் போன ஆள். அந்த விரல் இன்னும் பெரியவனின் கண்ணைவிட்டுப் போகவில்லை. இன்றைக்குப் பளபளவென்று காரை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தி, தடவிப் பார் மச்சான் என்று சொல்லியே ஆகவேண்டும்.

அதனால் அவனே களத்தில் இறங்கினான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வாசல் குழாயில் ஹோஸை மாட்டி, காரின் கூரையிலிருந்து சக்கரம் வரை தண்ணீர் அடித்துக் காட்டினான். அதுவரை சின்னவனும் சொன்னபடி கேட்டான். அப்புறம்தான் தம்பி மனைவி ஒரு வாளி நிறைய நுரையோடு வந்தாள். மத்துப் போட்டுக் கடைந்து, வாளியைக் கவிழ்த்தாலும் கொட்டாத பதத்தில் வைத்திருந்தாள். இருவரும் அதை அள்ளி அள்ளி முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடி என்று சுவருக்குப் பூசுவதுபோல அப்பினார்கள்.

"கண்ணாடிக்கு எதுக்குடா இவ்வளவு?"

"ஊறணும்ணே."

"இதென்ன காரா, அழுக்கு வேட்டியா?"

"அரை மணி நேரம் தண்ணியே படக் கூடாது மாமா. அப்பத்தான் கறை போகும்," என்றாள் தம்பி மனைவி, வாளிக்குள் பார்த்தபடி.

அதற்குள் உள்ளே சீட்டைத் துடைத்துவிடுவார்களாம். நுரை உள்ளே ஒழுகாமலிருக்கக் கதவைச் சாத்தவேண்டுமாம். ஆளுக்கொரு துணியோடு ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்கள்.

பெரியவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். வீட்டுக்குள் போய் உட்காரலாமென்றால் அங்கே சந்தைக்கடை. இருப்பது இரண்டு அறை. அம்மாவின் டிவி ஒரு பக்கம் அலறியது. சித்தி எங்கே, சித்தி எங்கே என்று அவன் பிள்ளைகள் இரண்டும் இன்னொரு பக்கம் அலறின. ராத்திரியிலும் சித்தியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகள் அவை.

"சுறுசுறுப்புன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? உன் வயசுல நான் மாடித் தண்ணித் தொட்டியையே வாரா வாரம் இறங்கிக் கழுவுவேன்," என்று நுரையைப் பார்த்துச் சொன்னான்.

பதிலுக்கு ஹாரன் ஒருமுறை அலறியது. தொடர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு யாரோ சிரிக்கிற சத்தம்.

"ஹாரனை எதுக்குடா துடைக்கிறீங்க?"

சிரிப்பு இன்னும் கூடியது. முன் கண்ணாடியின் ஓரத்தில் நுரை வழிந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்து விட்டிருந்தது. பெரியவன் மணியைப் பார்த்தான். பத்தரை தாண்டியாயிற்று. இனிப் பொறுப்பதற்கில்லை என்று ஹோஸைத் தூக்கி, அதன் வாயில் கட்டைவிரலை வைத்து, கண்ணாடிக்குக் குறி பார்த்தான்.

தண்ணீர் நின்றுபோனது. திரும்பினால், குழாயைத் திருகி மூடியபடி அவன் மனைவி நின்றாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"உங்க அண்ணன் வர்ற நேரம்டி. இப்படியே நின்னா மறுபடி விரலை நீட்டுவான்."

"நீட்டிட்டுப் போறான். ஆட்டோ பிடிச்சு வரச் சொல்லிட்டேன். நீங்க உள்ள வாங்க."

"அதெப்படி? இத்தனூண்டு காருக்குள்ள அப்படி என்னதான் அழுக்கு?"

அவள் காரை ஒருமுறை பார்த்தாள். வந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நமக்குக் கல்யாணமான புதுசுல, வாரா வாரம் நாம ரெண்டு பேரும் மாடித் தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவினோமே, அதுல மட்டும் அப்படி என்ன அழுக்கு இருந்துச்சாம்?"

பெரியவன் மொட்டை மாடியை நிமிர்ந்து பார்த்தான். முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, வாளியிலிருந்து ஒரு கை நுரையை அள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, முன் கண்ணாடியில் விட்டுப்போயிருந்த அந்தச் சந்தில் கெட்டியாக அப்பினான்.