பத்தடிக்கு ஒரு தவளை

ஏரிக்கரைக்கு ஒரு நரி வந்தது. கையில் மெய்நிகர் கண்ணாடி. மாட்டிக்கொண்டால், ஏரியைத் திருத்தி இனிமேல் கட்டப்போகும் பூங்கா அப்படியே கண்முன் நிற்கும். ஏரியில் இருப்பவர்கள் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும்.

ஏரிக்குத் தலைவர் ஒரு தவளை. “பூவும் புல்லும் கிடக்கட்டும். எங்க சனத்துக்கு இடம் உண்டா? அதைச் சொல்லு” என்றது.

“நீங்களே பாருங்க தலைவரே.”

தவளை மாட்டிப் பார்த்தது. நடைபாதை நெடுகப் பத்தடிக்கு ஒரு தவளை. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். பச்சைப்பசேலென்று, வாயை அகலத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன.

“அடேயப்பா! நம்ம ஆளுங்க என்னமா கொழுத்துட்டாங்க! எல்லாரும் பாடுறாங்கப்பா!” என்று குதித்தது. நரி நீட்டிய தாளில் உடனே கைநாட்டு வைத்தது.

பக்கத்திலிருந்த நண்டுக்குச் சந்தேகம். கண்ணாடியை வாங்கி மாட்டியது.

“தலைவரே, ஒரு அம்மா வர்றாங்க. கையில வாழைப்பழத் தோல். ஐயோ, அதை உங்க ஆள் வாயில போட்டுட்டுப் போறாங்களே!”

“உளறாதே!” தவளை கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தது. அடுத்த தவளையின் வாயில் ஒருவன் காப்பிக் கோப்பையைத் திணித்துக்கொண்டிருந்தான். அந்தத் தவளையின் வயிற்றில் ‘குப்பையை இங்கே போடவும்’ என்று எழுதியிருந்தது. உயிருள்ள தவளை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் சிமெண்டுத் தொட்டி.

நரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தது.

அதைக் கூப்பிடத் தவளை வாயைத் திறந்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

நண்டு பதறிவிட்டது. “தலைவரே, முதல்ல வாயை மூடுங்க! யாராவது வந்துடப் போறாங்க.”